பழைய டீசல் கேரவன்: ஆக்சிலேட்டர் அவ்வப்போது வேலை செய்வதில்லை

கேள்வி: பழைய டீசல் வேனை வீடு மாதிரி மாற்றி ஓட்டுகிறோம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகையில் திடீரென எவ்வளவு மிதித்தாலும் ஐட்லிங்கிலேயே நிற்கிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது. டீசல் ஃபில்டர் புதுசு. எங்கே பார்ப்பது?

பதில் 1: அண்ணே, கேபிள் இல்லாத பெடல்தானே? அதிலிருந்து இரண்டு சிக்னல் போகும், இரண்டும் ஒத்துவராவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் நம்பாமல் ஐட்லிங்கில் வைத்துவிடும். கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி2138 வந்தால் அதுதான். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, பெடலின் சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பெடலை மெதுவாக அழுத்துங்கள், வோல்ட் சீராக ஏற வேண்டும், நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது.

பதில் 2: அவசரப்பட்டுப் புது பெடல் வாங்காதீர்கள், விலை அதிகம். முதலில் கனெக்டரையும் எர்த் ஒயரையும் பாருங்கள், நம்ம ஊர் உப்புக்காற்றில் கனெக்டர் ஊசியெல்லாம் பச்சை பூத்துவிடும்.

கேட்டவர்: கேபிள் இல்லை, சென்சார் பெடல்தான். எர்த் போல்ட் துருவேறியிருக்கிறது, சுரண்டிவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். நன்றி.