"நான் எம்மாத்திரம்?" தன்னையே சந்தேகிக்கும் கல்லூரி மாணவருக்கு விசுவாசம் கைகொடுக்கும் விதம்

தேர்வு அறைக்குப் போகும் பிள்ளைகள் அதிகம் பிடித்துக்கொள்ளும் வசனம் பிலிப்பியர் 4:13: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." அதை "பாஸ் ஆகிவிடுவேன்" என்ற உத்தரவாதமாக எடுத்தால், மதிப்பெண் குறைந்த அன்றே விசுவாசமும் ஆட்டம் காண்கிறது. பவுல் காவலில் இருந்தபோது எழுதியது அது. 11ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், தாழ்விலும் வாழ்விலும் மனரம்மியமாக இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரியும். தோற்றாலும் நிற்கிற பெலன் அது.

"எனக்குத் தகுதியில்லை" என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது யாத்திராகமம் 3, 4 அதிகாரங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரத் தேவன் அனுப்பும்போது, "நான் எம்மாத்திரம்" என்கிறார் மோசே. உனக்குத் திறமை இருக்கிறது என்று தேவன் வாதாடவே இல்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். ஜெபமும் அப்படியே மாற வேண்டும். "என்னைக் கெட்டிக்காரனாக்கும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நாளை பத்து மணி வைவாவில் என்னோடிரும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தைரியம் தாரும்" என்று இன்னதென்று குறிப்பாகக் கேளுங்கள். அப்புறம் படிக்க உட்காருங்கள். ஜெபம் படிப்புக்கு மாற்று அல்ல.

---

மோசே பகுதியில் 4:14ஐயும் விட்டுவிடாதீர்கள். பேச வராது என்றவருக்குத் துணையாக அவருடைய சகோதரன் ஆரோனும் வருகிறார். ஜெப ஐக்கியக் கூட்டத்தில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பயன் குறைவு. நம்பிக்கையான ஒருவரிடம், எந்தப் பாடம், எந்த நாள், எதற்குப் பயம் என்று சொல்லுங்கள். அது முடிந்ததும் அவரே விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத இரவுகளுக்கு சங்கீதம் 13. ஆறே வசனங்கள்: முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. நோட்டில் அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். பலரும் முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். சொல்லாத பயம் உள்ளேயே கிடக்கிறது. கடைசிப் பகுதி எழுத வரவில்லையா? மாற்கு 9:24இல் மகனின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் கதறியதை எழுதி நிறுத்தலாம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவனைத் தள்ளவில்லை.

---

தேர்வுக்கு முந்தின இரவு முழு இராத்திரி ஜெபம் வேண்டாம். தூக்கமில்லாவிட்டால் படித்தது நினைவில் நிற்காது. மறுநாள் வரும் பதற்றத்தை விசுவாசக் குறைவு என்று நினைத்துக் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். 1 இராஜாக்கள் 19இல், சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, இன்னொரு தரம் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால், கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும், தனியாக இருக்கக்கூடாது. அப்படிப் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.