17/0/34-ஆ, 0/17/34-ஆ? ரெண்டு பாயிண்ட் கவுண்டர்ஸ்பெல்லுக்கு ஒரு சண்டை

உறைபனி:
வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) கிளாசிக் ஆட்டத்துல மேஜ், அதாவது மந்திரவாதி, ஆடுறவங்களுக்காக போன வாரம் கனல்17 இங்கே ஒரு பில்ட் (டேலண்ட் பாயிண்டைப் பங்கு போடற திட்டம், வரிசை ஆர்கேன்/ஃபயர்/ஃப்ரோஸ்ட்) போட்டிருந்தார். ஃப்ரோஸ்ட் மேஜுக்கு இம்ப்ரூவ்டு கவுண்டர்ஸ்பெல் (எதிராளி மந்திரத்தைத் தடுக்கிற மந்திரத்துக்கான டேலண்ட்) தண்டமாம், அதுக்காக ஆர்கேன்ல போடற 17 பாயிண்டையும் ஃபயர் மரத்துல கொட்டணுமாம், 0/17/34 தான் உண்மையான பிவிபி (ஆளோட ஆள் மோதற சண்டை) பில்டாம். புதுசா லெவல் 60 ஆன பசங்க அதை நம்பி ரீஸ்பெக்குக்கு (டேலண்டைக் கலைச்சு மறுபடி போட) 50 கோல்டு வரைக்கும் அழுதுட்டு வர்றாங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல.

பேசறது வாவ் கிளாசிக், 1.12 டேலண்ட், மொத்தம் 51 பாயிண்ட். ஃப்ரோஸ்ட்ல 34 இப்படித்தான் போகணும்: இம்ப்ரூவ்டு ஃப்ரோஸ்ட்போல்ட் 5, ஐஸ் ஷார்ட்ஸ் 5, ஃப்ரோஸ்ட்பைட் 3, இம்ப்ரூவ்டு ஃப்ரோஸ்ட் நோவா 2, பெர்மாஃப்ரோஸ்ட் 3, பியர்சிங் ஐஸ் 3, கோல்டு ஸ்னாப் 1, ஆர்க்டிக் ரீச் 2, ஷாட்டர் 5, ஐஸ் பிளாக் 1, இம்ப்ரூவ்டு கோன் ஆஃப் கோல்டு 3, ஐஸ் பேரியர் 1. கூட்டிப் பாருங்க, கச்சிதமா 34.

ஆர்கேன்ல 17: சட்டில்டி 2, ஃபோகஸ் 3, மேஜிக் அப்சார்ப்ஷன் 4, கான்சன்ட்ரேஷன் 5, ரெசிலியன்ஸ் 1. இதோட 15 ஆச்சு, நாலாவது வரிசை திறக்கும். அங்கே இம்ப்ரூவ்டு கவுண்டர்ஸ்பெல் 2/2. நாலு வினாடி சைலன்ஸ் (எதிராளியால எந்த மந்திரமும் போட முடியாது), நூத்துக்கு நூறு. எதிராளி அப்ப ஒரு மந்திரத்தை காஸ்ட் பண்ணிட்டிருக்கணும்கிற அவசியமே இல்ல. இந்த டேலண்ட் இல்லாதவன் கவுண்டர்ஸ்பெல், எதிராளி காஸ்ட் பாதியில இருந்தாத்தான் எடுபடும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா சண்டையே அங்கதான் முடியுது.

கனல்17:
என் பேரைப் போட்டு தனி இழையே தொடங்கியிருக்கீங்க, நன்றி ஐயா. ஒரே ஒரு கேள்வி. வாரியரையும் ரோகையும் நாலு வினாடி சைலன்ஸ் பண்ணி என்ன கிழிப்பீங்க? அவங்ககிட்ட தடுக்க ஸ்பெல்லே கிடையாது.

நீங்க செலவு பண்றது ரெண்டு பாயிண்ட் இல்ல, பதினேழு. மேஜிக் அப்சார்ப்ஷன் 4 யாருக்கு வேணும்? அது படிக்கட்டு, அவ்வளவுதான். என் ஃபயர் 17-ஐப் பாருங்க: இம்பாக்ட் 5, ஃப்ளேம் த்ரோயிங் 2, இம்ப்ரூவ்டு ஃபயர் பிளாஸ்ட் 3, இக்னைட் 2, இன்சினரேட் 2, பைரோபிளாஸ்ட் 1, பர்னிங் சோல் 2. ஃபயர் பிளாஸ்ட் கூல்டவுன் (மறுபடி அடிக்கக் காத்திருக்கிற நேரம்) 8 வினாடியிலிருந்து 6.5-க்கு இறங்குது, தூரம் 20 கெஜத்திலிருந்து 26. அதுக்கு மேல 10 சதவீத வாய்ப்புல 2 வினாடி ஸ்டன், ஆள் அசையவே முடியாது. ரோக் கிக் அடிச்சு ஃப்ரோஸ்ட் மந்திரம் எல்லாத்தையும் 5 வினாடி பூட்டிட்டா, உங்க ஆர்கேன் 17-ல எதை எடுத்து அடிப்பீங்க?

உறைபனி:
ஃபயர் பிளாஸ்ட். டேலண்ட் இல்லாமலேயே எல்லா மேஜுக்கும் இருக்கு. பிளிங்க் ஆர்கேன், அதையும் கிக் பூட்டாது.

உங்க ஸ்டன் பத்துல ஒண்ணு. 6.5 வினாடிக்கு ஒரு தடவை ஃபயர் பிளாஸ்ட் அடிச்சா சராசரியா 65 வினாடிக்கு ஒரு ஸ்டன். அதுவும் எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது. என் சைலன்ஸ் 30 வினாடிக்கு ஒண்ணு, நான் நினைச்ச நேரத்துல வரும்.

நாலு வினாடியில என்ன நடக்கும்னு சொல்றேன். ப்ரீஸ்ட் (ஹீல் பண்றவர்) என் ஃப்ரோஸ்ட் நோவால உறைஞ்சு சிக்கி நிக்கிறார். சைலன்ஸ். ஃப்ரோஸ்ட்போல்ட் 2.5 வினாடி. அது பறந்து போறப்பவே கோன் ஆஃப் கோல்டு. ரெண்டும் உறைஞ்ச ஆள் மேல சேர்ந்து விழும், ஷாட்டரால கிரிட் (பெருத்த அடி) வாய்ப்பு 50 சதவீதம் கூடும், ரெண்டுக்கும். குளோபல் கூல்டவுன், அதாவது அடுத்த மந்திரத்துக்கு முன்னாடி இடைவெளி, 1.5 வினாடி. நாலாவது வினாடியில ஃபயர் பிளாஸ்ட். மூணு அடி. அந்த நேரம் பூரா அவரால ஷீல்டு போட முடியாது, சைக்கிக் ஸ்க்ரீம் அடிக்க முடியாது, ஃப்ளாஷ் ஹீல் கிடையாது.

பச்சைவிளக்கு:
ப்ரீஸ்ட் ஆடுறவங்க பக்கத்துலேருந்து ஒரு வார்த்தை. நல்ல ப்ரீஸ்ட் நோவா விழறதுக்கு முன்னாடியே பவர் வேர்டு ஷீல்டு போட்டிருப்பார். 10-வது ரேங்க் 942 டேமேஜ் தாங்கும். ரெனியூ ஹீலும் ஓடிட்டிருக்கும். உங்க மூணு அடியில முதல் அடி ஷீல்டுக்கே போயிடும்.

அதைவிட முக்கியம், சைலன்ஸ் வேற, ஸ்கூல் லாக் வேற. காஸ்ட் பாதியில கவுண்டர்ஸ்பெல் விழுந்தா 10 வினாடி ஹோலி மந்திரம் மொத்தமும் பூட்டு. சும்மா நிக்கிறப்ப அடிச்சா நாலே வினாடி, அஞ்சாவது வினாடி ஃப்ளாஷ் ஹீல் வந்துடும். சைலன்ஸ் இருக்கேங்கிற தைரியத்துல பாதி மேஜுங்க காஸ்டுக்குக் காத்திருக்கிறதே இல்ல. பத்தைத் தூக்கிப் போட்டுட்டு நாலை வாங்கிக்கிறாங்க.

கனல்17:
இதைத்தான் நான் போன வாரமே சொன்னேன்.

உறைபனி:
நீங்க இதைச் சொல்லவே இல்ல, உங்க பதிவு அங்கேயே இருக்கு, போய்ப் படிங்க.

பச்சைவிளக்கு, அந்த 10 வினாடிக்குக் காத்திருக்கிறப்பதான் நல்ல ப்ரீஸ்ட் ஏமாத்துவார். ஃப்ளாஷ் ஹீல் 1.5 வினாடி. அரை வினாடி காஸ்ட் பண்ணிட்டு ஒரு அடி நகர்ந்து நிறுத்துவார். நீங்க கவுண்டர்ஸ்பெல்லை விட்டுடுவீங்க, அது காத்துல போகும், அடுத்த 30 வினாடி கையில ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஏமாந்தாலும் நாலு வினாடி மிச்சம். இதுக்குப் பேர்தான் காப்பீடு.

இன்னொண்ணு. வாவுக்கு இந்தியாவுல சர்வர் கிடையாது. இங்கேயிருந்து ஐரோப்பிய சர்வர்ல ஆடுறவங்க பிங் என்னன்னு அவங்களுக்கே தெரியும். 1.5 வினாடி காஸ்டைப் பாத்து, முடிவெடுத்து, பட்டனை அழுத்தி, அது சர்வருக்குப் போய்ச் சேரணும். நம்ம ஆளுங்களுக்கு இந்த ரெண்டு பாயிண்ட் இன்னும் ரெண்டு மடங்கு அவசியம்.

மூணுநிமிஷம்:
ரெண்டு பேரும் ஃப்ரோஸ்டைக் கட்டிக்கிட்டு அழறீங்க. 31/20/0. ஆர்கேன் பவர், பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் (அடுத்த மந்திரம் காஸ்ட் இல்லாம உடனே போகும்), பைரோபிளாஸ்ட். ஆள் போயாச்சு. அந்த ஆர்கேன் 31-லேயே இம்ப்ரூவ்டு கவுண்டர்ஸ்பெல்லும் அடங்கும், மெடிட்டேஷன் 3-ம் அடங்கும். இதுல சண்டை எதுக்கு?

உறைபனி:
ஆள் போக மாட்டான். கணக்குப் போடுங்க. பைரோபிளாஸ்ட் 8-வது ரேங்க் 716 முதல் 890, சராசரி 803. ஸ்பெல் பவர் 400 இருந்தா அது முழுசா சேரும், 1203. ஆர்கேன் பவர் 30 சதவீதம், 1564. கிரிட் ஆனா 2346. நல்ல கியர் போட்ட வாரியருக்கு 5000 உசிரு இருக்கு. அதுக்கப்புறம்? 3 நிமிஷம் கூல்டவுன். ஐஸ் பிளாக் இல்ல, பேரியர் இல்ல, கோல்டு ஸ்னாப் இல்ல. பேரே மூணு நிமிஷ மேஜ்னு சும்மாவா வெச்சாங்க?

மூணுநிமிஷம்:
டாலிஸ்மேன் ஆஃப் எஃபெமரல் பவர் ட்ரிங்கெட் தர்ற ஸ்பெல் பவர் 175 உங்க கணக்குல எங்கே? இக்னைட் 40 சதவீதம் எங்கே? ஆர்கேன் இன்ஸ்டெபிலிட்டி 3 சதவீதம் எங்கே? வேணும்கிறதைக் கூட்டி வேணாம்கிறதை விட்டா எந்தக் கணக்கும் வரும்.

கனல்17:
அவர் கணக்கு எப்பவுமே அப்படித்தான். சரி, அவர் பில்டுல எலிமென்டல் பிரசிஷன் ஒண்ணுகூட இல்லையே, அதை யாராவது கேட்டீங்களா? ஒரே லெவல் ஆள்மேல ஸ்பெல் 4 சதவீதம் மிஸ் ஆகும். 1 சதவீதத்தை எதாலேயும் போக்க முடியாது, மீதி 3-ஐ போக்கலாம். பிரசிஷன் ரெண்டு பாயிண்ட் போட்டா 4 சதவீதம் ஹிட், வேலை முடிஞ்சது. நான் பெர்மாஃப்ரோஸ்ட்லேருந்து ரெண்டை எடுத்து இங்கே போட்டிருக்கேன். ஃப்ரோஸ்ட், ஃபயர் ரெண்டுக்கும் உதவும்.

உறைபனி:
ஹிட் கியர்ல வரும், சைலன்ஸ் கியர்ல வராது.

கனல்17:
எந்தக் கியர்ல? பிளட்வைன் உடுப்புலயா? மூணு துண்டுலயும் ஹிட் இருக்கு, ஸ்டாமினா பூஜ்யம். அதைப் போட்டுக்கிட்டு பேட்டில்கிரவுண்டுக்கு வாங்க, ரோக் ஆம்புஷ் ஒண்ணே போதும்.

பெர்மாஃப்ரோஸ்டை விட்டதுக்கு ஏன் திட்டலைன்னு பாக்கறேன். திட்ட முடியாது, ஏன்னா உங்க நண்பரும் அதைத்தான் பண்ணியிருக்கார்.

உறைபனி:
இப்ப நண்பரை எதுக்கு இழுக்கறீங்க? வார்சாங் பேட்டில்கிரவுண்டு ப்ரீமேட் அணியில இடம் கிடைக்காத கோபத்தை இங்கே வந்து கொட்டாதீங்க தம்பி. டேலண்டைப் பத்திப் பேசுங்க.

மறுபடி சொல்றேன், நாலு வினாடி சைலன்ஸ். ட்ரூயிட் நேச்சர்ஸ் ஸ்விஃப்ட்னஸ் வெச்சு முழு ஹீலிங் டச் உடனே விடுவார், அதுல காஸ்ட் பாரே வராது, குறுக்கே விழ வழியே இல்ல. உசிரு கால்வாசிக்கு வந்ததும் முன்கூட்டி சைலன்ஸ். வார்லாக் டெத் காயிலும் அதே மாதிரி உடனடி. அதுக்கும் முன்கூட்டி சைலன்ஸ். மேஜ் எதிர் மேஜ்னா இன்னும் மோசம், சைலன்ஸ்ல இருக்கிறவன் ஐஸ் பிளாக்குக்குள்ள போகவே முடியாது. இதுல ஒண்ணையாவது உங்க பத்துல ஒண்ணு ஸ்டன் பண்ணுமா?

கனல்17:
ஸ்டன் ஆனவனும் ஐஸ் பிளாக் போட முடியாது.

உறைபனி:
பத்துல ஒண்ணு.

கனல்17:
வாரியர் மேல உங்களுது பூஜ்யத்துல ஒண்ணு.

நடுக்கோடு:
வாரியர் பேச்சு வந்ததால கேக்கறேன். ஃப்ரீ ஆக்‌ஷன் போஷன் குடிச்ச வாரியர் 30 வினாடிக்கு ஸ்டன்னும் ஆகமாட்டார், நோவாவுலயும் நிக்கமாட்டார், ஃப்ரோஸ்ட்போல்ட்டால வேகமும் குறையாது. கனலுடைய இம்பாக்டும் போச்சு, உறைபனியோட 34-ல பாதியும் போச்சு. அப்ப கையில மிஞ்சறது போலிமார்ஃப் (எதிராளியை ஆடா, அதாவது ஷீப்பா மாத்தறது) மட்டும். அது ஆர்கேன், அந்த போஷன் அதைத் தடுக்காது. ஃபோகஸ் 2 பாயிண்ட் போட்டாலே போலிமார்ஃபோட மிஸ் 1 சதவீதத்துக்கு வந்துடும். ஆர்கேன் 17-க்கு வாரியர் மேல பயனே இல்லைன்னு சொல்றது தப்பு. ஆனா அந்தப் பயன் சைலன்ஸால வர்றதும் இல்ல.

உறைபனி:
பாத்தீங்களா, நடுக்கோடும் 17/0/34 தான் சரிங்கறார்.

நடுக்கோடு:
நான் அப்படிச் சொல்லல.

கனல்17:
போஷன் குடிச்சவனை ஷீப் ஆக்கினா நான் பின்னால தள்ளிப் போய் 6 வினாடி பைரோ காஸ்ட் பண்ணுவேன், 41 கெஜத்திலிருந்து. இவங்க அங்கேயும் நின்னு ஃப்ரோஸ்ட்போல்ட்தான்.

பச்சைவிளக்கு:
ஷீப் ஆனவர் அந்த 6 வினாடியில உசிரை முழுசா நிரப்பிக்குவார். பக்கத்துல ப்ரீஸ்டோ பாலடினோ இருந்தா உங்க காஸ்ட் பாதி வர்றதுக்குள்ள டிஸ்பெல் ஆகிடும். அது டூயலுக்கு மட்டும்தான்.

கனல்17:
டூயலும் பிவிபிதான்.

உறைபனி:
டூயல்ல போஷன் குடிக்கிறவனோட பேச்சே வேண்டாம். அடுத்து கிரெனேடு, நெட் எறியற மெஷின்னு இன்ஜினியரிங் மூட்டையைப் பிரிப்பாங்க. அப்படி ஜெயிச்சதை டேலண்டால ஜெயிச்சேன்னு எழுதக் கூடாது.

மூணுநிமிஷம்:
இன்ஜினியரிங் இல்லாம பிவிபியா? அது இல்லாதவர்தான் டேலண்டைப் பத்திப் பத்து பத்தி எழுதுவார். நோம் மேஜுக்கு இன்ஜினியரிங்ல 15 பாயிண்ட் கூடுதலாவே வருது, கால்கட்டை அவிழ்க்கிற எஸ்கேப் ஆர்ட்டிஸ்ட் 1 நிமிஷ கூல்டவுன். அன்டெட் மேஜுங்க இதைப் பத்திப் பேசவே கூடாது.

உறைபனி:
அன்டெட்டுக்கு ஃபியரை உடைக்கிற வில் ஆஃப் தி ஃபோர்சேக்கன் 2 நிமிஷத்துக்கு ஒண்ணு. வார்லாக் ஃபியர் அடிக்கிறப்ப உங்க எஸ்கேப் ஆர்ட்டிஸ்ட் எதை அவிழ்க்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல. கனல்17, நீங்களும் நழுவாதீங்க. நேச்சர்ஸ் ஸ்விஃப்ட்னஸுக்கு உங்க 0/17/34-ல பதில் என்ன? இன்னும் சொல்லல.

கனல்17:
வாரியருக்கு உங்க சைலன்ஸ்ல பதில் என்னன்னு முதல் பதில்லயே கேட்டேன். நீங்க முதல்ல சொல்லுங்க.