ஃபிராக்டல்: ‘பின்னவுரு’வினும் ‘தன்னடுக்கு’ பொருந்தும்

அன்புடையீர், வணக்கம்.

எந்த அளவில் பார்த்தாலும் பகுதி முழுமையைப் போலவே தோன்றும் அமைப்பை ஃபிராக்டல் என்பர். இதயம் பற்றிய கட்டுரைகளில் அதைப் ‘பின்னவுரு’ என்று ஆளலாம் என நண்பர் முன்மொழிந்திருந்தார். 1975-இல் கணிதர் மாண்டல்பிராட் ‘ஃபிராக்டல்’ என்னும் சொல்லை ஆக்கியபோது, உடைந்தது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லையே வேராகக் கொண்டார் என்பதால், வேர்ப்பொருளில் நண்பர் கூறுவது சரியே. ஆனால் விரல் ஒடிந்த சிலையைப் ‘பின்னமாகிவிட்டது’ என்று வழிபாட்டிலிருந்து விலக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நலமான இதயத்தின் இயல்பைக் குறிக்க வந்த சொல் ஊனத்தை நினைவூட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. பள்ளிக் கணக்கின் பின்னத்தோடு நேரும் குழப்பம் வேறு.

‘உரு’ என்னும் பாதியும் இடிக்கிறது. இதயத் தமனிகளும், மின்தூண்டலைக் கடத்தும் பர்க்கின்ஜி இழைகளும் கிளைத்துக் கிளைத்துச் செல்வது உருவம்தான். கடலூரிலிருந்து பிச்சாவரம் சென்று சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வாய்க்காலிலிருந்து பிரியும் வாய்க்காலும் தாயைப் போலவே இருப்பதால், எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இதய அறைகளின் உட்சுவரில் லியனார்டோ டா வின்சி வரைந்து காட்டிய தசைப் பின்னலின் சிக்கலையும் ஃபிராக்டல் பரிமாணம் என்னும் எண்ணால் அளக்கிறார்கள். சுமார் 18,000 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்ட அத்தகைய ஆய்வொன்று 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

துடிப்புக்கோ உருவம் இல்லை. ஓய்விலும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. நலமுள்ளவரின் 24 மணி நேரப் பதிவில், நிமிடக் கணக்கில் காணும் ஏற்ற இறக்கத்தின் சாயலே மணிக் கணக்கிலும் தென்படுகிறது. ஆய்வாளர்கள் கோல்ட்பெர்கர், பெங் ஆகியோரின் ஆய்வுகள், நலமான இதயத்தில் இந்தச் சாயலை அளக்கும் எண்ணான அடுக்கெண் 1-ஐ ஒட்டி இருப்பதையும், இதயச் செயலிழப்பில் இந்த ஒழுங்கு குலைவதையும் காட்டின. முற்றிலும் தற்செயலான ஏற்ற இறக்கத்தில் அந்த எண் 0.5 ஆகும்.

ஆகவே ‘தன்னடுக்கு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ஒவ்வோர் அடுக்கிலும் தன்னையே ஒத்திருப்பது என்னும் இப்பொருள் வடிவத்துக்கும் காலத்துக்கும் ஒருங்கே பொருந்தும். கணிதப் பாடத்தில் அடிமானத்தின் மேல் எழுதுவதை அடுக்கு என்றே கற்பிக்கிறோம். ஃபிராக்டலை ஆள்வதும், ஓர் அளவு மற்றோர் அளவின் அடுக்காக மாறும் அடுக்கு விதியே. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்று இருப்பது, ஃபிராக்டலோ ஒன்றனுள் ஒன்று இருப்பது என்று மறுக்கலாம். அடுக்கு மல்லியின் இதழ்கள் ஒன்றனுள் ஒன்றாகத்தானே இருக்கின்றன. தன்னடுக்குப் பரிமாணம், தன்னடுக்குக் கிளைப்பு எனத் தொடர்களும் தடையின்றி அமைகின்றன.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு நிறைவில்லை. இதயத்துடிப்பை ஒரே அடுக்கெண்ணால் விளக்கிவிட முடியாது, பல வேண்டும் என்று 1999-இல் இவானோவ் குழுவினர் காட்டினர். அந்த மல்ட்டிஃபிராக்டலுக்குப் ‘பல்தன்னடுக்கு’ என்பது நாவில் இடறுகிறது. ‘பன்மைத் தன்னடுக்கு’ என இப்போதைக்கு எழுதுகிறேன். இதனினும் நல்லது தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.