ஒயின் தக்கையை அறுக்காமல் உள்ளே பார்க்க டெராஹெர்ட்ஸ் எதற்கு?

இளவேனில்:
எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்டுக்கு, கார்க் ஓக் மரப்பட்டையில் செய்கிற ஒயின் தக்கையை டெராஹெர்ட்ஸ் அலையில் (மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ளது) படமெடுத்து உள்குறையைக் கண்டுபிடிப்பது என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். எக்ஸ்ரே இருக்கும்போது இது எதற்கு என்று துறையில் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்புறம் எந்த அதிர்வெண்ணில் தொடங்கலாம்?

ஒளியன்:
ஓட்டையைப் பார்க்க எக்ஸ்ரே போதும், சிடி ஸ்கேன் எடுத்தால் இன்னும் துல்லியம், அதை ஒத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். டெராஹெர்ட்ஸின் பலம் ஈரம். 1 டெராஹெர்ட்ஸ் அலை ஒரு மில்லிமீட்டர் தண்ணீரைக்கூடத் தாண்டாது, காய்ந்த தக்கையோ காற்றடைத்த செல்கள் என்பதால் வழிவிடும், ஆக ஈரம் தங்கிய இடம் இருட்டாக விழும். 1995இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஹூவும் நஸ்ஸும் வெளியிட்ட டெராஹெர்ட்ஸ் படங்களில் ஓர் இலையும் உண்டு: பறித்தவுடன் ஒன்று, இரண்டு நாள் கழித்து ஒன்று, நீர் வற்றியது அப்படியே தெரிந்தது. எக்ஸ்ரே போல அயனியாக்கும் கதிர் இல்லை என்பதால் ஈயத் தடுப்பும் வேண்டாம்.

மரப்பட்டை:
அதிர்வெண் பற்றி. 1 டெராஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மி.மீ., தக்கையில் இருக்கும் துளைகளும் கிட்டத்தட்ட அந்த அளவில் இருப்பதால் அலை சிதறி, 24 மி.மீ. விட்டத்தைக் கடப்பதற்குள் படத்தின் விவரம் பாதி போய்விடும். 0.1 டெராஹெர்ட்ஸுக்கு இறங்கினால் நன்றாக ஊடுருவும், ஆனால் அலைநீளம் 3 மி.மீ. ஆகிவிடுவதால் சின்னக் குறை தெரியாது. 0.3 பக்கம் தொடங்குங்கள்.

தக்கையை நிறுத்தி வைத்து 90 பாகை திருப்பி இரண்டு படம் கண்டிப்பாக எடுங்கள். மரத்தின் நெட்டுவாக்கில் துளைத்து எடுப்பதால் பட்டையின் சுவாசத் துளைகள் தக்கைக்குக் குறுக்கே ஓடும், ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் புள்ளி, மறுபக்கத்தில் கோடு. உருளை வடிவம் ஓரத்தில் கதிரை வளைப்பதால் விளிம்பு கருப்பாகத் தெரியும், அதை ஈரம் என்று எழுதிவிடாதீர்கள்.

வேதிக்காரன்:
ஒயினைக் கெடுக்கிற டிசிஏ (டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள்) வாடையை இதில் பிடிக்கலாம் என்று ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டாம். அது லிட்டருக்கு நானோகிராம் கணக்கு, கலவையைப் பிரித்து அளக்கிற கேஸ் குரோமட்டோகிராபியின் வேலை.

இளவேனில்:
ரொம்ப நன்றி. எங்கள் ஆய்வகத்தில் 0.3 டெராஹெர்ட்ஸ் அலை தரும் கருவி இருக்கிறது. ஈரத்தை எப்படி அளவோடு ஒப்பிடுவது?

மரப்பட்டை:
தக்கையை எடை போட்டுப் படம் எடுங்கள், ஓவனில் காயவைத்து எடை மாறாமல் நின்றதும் மறுபடி எடையும் படமும். எடை வித்தியாசம்தான் தண்ணீர்.