மஸ்கெலியாப் பக்கம் விடியக்காலையில வரிசையா வெளிச்சம் – வேற யாரும் பாத்தீங்களா?

கீக்கணக்குப் பொண்ணு:
முந்தாநாள் விடியக்காலை 5.20 இருக்கும். அம்மா வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் இஸ்தோப்புல நின்னு பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன். அதிசயமா பனி இல்ல, வானம் கழுவி விட்ட மாதிரி. நடு ஆகாசத்துல திடீர்னு ஒரு வெளிச்சம் முளைச்சுச்சு. அதுக்குப் பின்னாலயே இன்னொன்னு, இன்னொன்னு... இருபது வரைக்கும் எண்ணினேன், அதுக்கு மேல முடியல. பூச்சரம் மாதிரி ஒரே கோட்டுல கிழக்க போச்சு. சத்தமே இல்ல. அம்மா "பாதமலை லைட்டுடி"ன்னாங்க. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன்தான், ஆனா மலை எங்களுக்கு மேற்க. அந்த லைட்டு நகரவும் நகராதே!

இன்னொன்னும் இருக்கு. போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு எங்க தோட்டத்து மேல் பிரிவு, அதான் மேக்கணக்குக்கு மேல ஒத்தை வெளிச்சம் தொங்குச்சு. ரெண்டு நிமிசம் அசையாம நின்னுட்டு அணைஞ்சு போச்சு. அப்பாயி கொள்ளிவாய்ப் பிசாசுன்னு ஜன்னலைச் சாத்திட்டாங்க. தம்பி ஏலியன்ங்கிறான். விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதுளைக்காரன்:
ஏலியன் இறங்கினா நாட்சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. நம்ம ஆளுங்க பேசி அலுத்துட்டாங்க.

ஹட்டன் விஞ்ஞான மாஸ்டர்:
மகள், நேரம், திசை, எண்ணிக்கை எல்லாத்தையும் கவனிச்சிருக்கீங்க, சபாஷ். முதலாவது, இன்டர்நெட் குடுக்கிற ஸ்டார்லிங்க் செய்மதிகள்தான். 2019 மே மாசம் ஒரே ரொக்கெட்டில் 60 செய்மதி ஏத்தி ஆரம்பிச்சாங்க. ஏவின புதுசில் ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடும், பிறகு மேல ஏறிப் பிரிஞ்சிடும். நடு ஆகாசத்தில் முளைச்சதுன்னு சொன்னீங்களே, அதுதான் அடையாளம். நமக்கு இன்னும் இருட்டு, அவ்வளவு உயரத்தில் வெயில் வந்தாச்சு. பூமியின் நிழலை விட்டு வெளியே வர்ற இடத்தில் ஒவ்வொண்ணா பளிச்சிடும்.

அப்பாயியைக் கேலி பண்ணாதீங்க. 1966இல் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் வெளிச்சம் கண்டப்போ, விமானப்படையின் ஆலோசகரா இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், சதுப்பு நில வாயுவா இருக்கலாம்னு சொன்னார். நம்ம கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் அதே விளக்கம்தானே! ஊரே சிரிச்சது. பின்னால ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட், அப்போ காங்கிரஸ் உறுப்பினர், விசாரணை வேணும்னு நின்னார்.

ஆனா உங்க மேக்கணக்கு தேயிலைச் சரிவு, சதுப்பு இல்ல. அதனால ரெண்டு கேள்வி. அந்த வெளிச்சம் தொங்கின பக்கம் ரோட்டு போகுதா? அன்னைக்குப் பனி இருந்துச்சா?

லிந்துலை வாசகன்:
எல்லாத்துக்கும் இப்படிச் சொன்னா எப்படி மாஸ்டர்? பறக்கும் தட்டைப் பத்தி அமெரிக்க விமானப்படை நடத்தின புளூ புக் விசாரணையில 701 கேஸுக்கு அமெரிக்காக்காரனே கையை விரிச்சிட்டானே?

ஹட்டன் விஞ்ஞான மாஸ்டர்:
விரிச்சான், சரி. 1947இல் இருந்து 1969 வரைக்கும் சேர்ந்த 12,618இல் 701. விளக்கம் கிடைக்கலங்கிறது வேற, வேற கிரகத்தில் இருந்து வந்ததுங்கிறது வேற. 1947 ஜூனில் கென்னத் ஆர்னல்ட்ங்கிற விமானி அமெரிக்காவில் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருளைக் கண்டார். தண்ணியில தட்டை வீசினா தத்திப் போற மாதிரி போச்சுன்னு ஓட்டத்தைத்தான் சொன்னார். பத்திரிகைக்காரங்க வடிவத்தையே தட்டாக்கிட்டாங்க. அதுக்குப் பிறகு கண்டவங்க கண்ணுக்கெல்லாம் தட்டாவே தெரிஞ்சுச்சு. இந்தக் கதை பூராவிலும் எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

கீக்கணக்குப் பொண்ணு:
மாஸ்டர், அன்னைக்கு நல்ல பனி. நீங்க கேட்ட பிறகுதான் யோசிச்சேன், பனி மூடினா மலை இருக்கிற இடமும் ஆகாசமாத்தானே தெரியும்! நேத்து ராத்திரியும் பனி இறங்குச்சு. மாமா மகனை ஆட்டோவை எடுத்துக்கிட்டுப் போய் மேக்கணக்குக் கோயில் வளைவுல, மூஞ்சியை எங்க லயத்துப் பக்கம் திருப்பி நிப்பாட்டச் சொன்னேன். அவன் ஆட்டோவுக்கு ஒத்தை லைட்டு. அப்படியே ஆகாசத்துல தொங்குச்சு! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஆனா இது மஞ்சளா இருந்துச்சு, அன்னைக்குக் கண்டது நல்ல வெள்ளை.

அப்பாயி கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து எட்டிப் பாத்தாங்க. "இது அவன் ஆட்டோ. அன்னைக்கு வந்தது வேற"ன்னுட்டுப் படுத்துட்டாங்க.