என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கேம்ப் போனவங்க, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்ணைச் சொல்லுங்க

தூங்குமூஞ்சி:
லீவுல ஏழு நாள் கேம்ப். கன்னு நட்டது, கோயிலைக் கூட்டினது எல்லாம் மங்கிப் போச்சு, ஒண்ணு மட்டும் போகலை. மதியம் வீடு வீடா சர்வே. எத்தனை பேர், கழிப்பறை இருக்கா, என்ன ரேஷன் கார்டு... அந்த ஃபாரம் உங்களுக்கே தெரியும். ஒரு அப்பத்தா எல்லாத்துக்கும் நிதானமா பதில் சொன்னாங்க. நான் பேனாவை மூடினதும் முந்தானையில கட்டைவிரலை அழுத்தித் துடைச்சு என் முன்னாடி நீட்டினாங்க. "மை எங்கப்பா?" இதுல கைநாட்டு எல்லாம் இல்ல அப்பத்தா, சும்மா கணக்கெடுப்புன்னேன். "அப்ப இதை வச்சு ஒண்ணும் வராதா?"ன்னாங்க. விரலை உடனே மடக்கலை. முதியோர் பென்ஷனுக்கு எழுத வந்திருக்கோம்னு நெனச்சிருக்காங்க.

பொட்டல்காடு:
சர்வேயே வேஸ்ட்னு அப்பவே சொன்னவன் நான். உடம்பு உழைப்புதான் ஊருக்கு நிக்கும். நாங்க கண்மாய்க்கரையில சீமைக் கருவேலம் வெட்டினோம், கையெல்லாம் முள்ளு. ஒரு அக்கா சும்மாடு கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. "தம்பி, ஒரே அளவா வெட்டிப் போடுங்க, அடுப்புக்குச் சரியா இருக்கும். நாளைக்கும் இந்தப் பக்கமே வாங்க." நாங்க நீர்நிலையைக் காப்பாத்துறதா நெனப்பு, அவங்களுக்கு நாங்க கூலி கேக்காத விறகுவெட்டி. நெனச்சா இன்னிக்கும் சிரிப்பு வருது.

மேலத்தெரு:
பொட்டல்காடு, எந்த உழைப்பு நிக்கும்? சீமைக் கருவேலத்தைத் தூரோட பேர்க்காம மேலாக்க வெட்டினா முன்னைவிடப் புதரா தழைக்கும். அடுத்த பேட்ச்சுக்கு வேலை வச்சுட்டு வந்திருக்கீங்க, அவ்வளவுதான்.

என் கதை சின்னது. கண் முகாம்ல ஒரு தாத்தாவுக்குக் கண்புரை, ஆபரேஷனுக்குப் பேர் எழுதினோம். வண்டி வந்த அன்னிக்கு ஆட்டைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு ஏற மாட்டேன்னுட்டார். ஆட்டை நான் பார்த்துக்கிறேன்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் சொல்லத் தோணலை.

இப்பக் கேம்ப் போற பிள்ளைங்களுக்கு: சர்வேல தப்பில்லை, ஃபாரத்தைக் காலேஜ் பீரோவுல வச்சுப் பூட்டுறதுதான் தப்பு. பென்ஷன் வராதவங்க, கார்டு இல்லாதவங்க பேரைத் தனியா எழுதி ஊராட்சியில ஒரு பிரதி குடுங்க. கிராம சபையில வாசிக்கச் சொல்லுங்க. 2022லேர்ந்து தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேம்ப் முடிஞ்சு அடுத்து வர்ற கூட்டத்துக்கு ரெண்டு பேராவது திரும்பிப் போங்க. பென்ஷன் மனுவை இ-சேவை மையத்துலயே போடலாம், கூட ஒரு ஆள் போனாப் போதும். என்.எஸ்.எஸ்.ல முடிக்க வேண்டிய 240 மணி நேர சேவைக் கணக்குக்கு நோட்டு எழுதுறீங்கல்ல, அதுல இதையும் சேருங்க. பி.ஓ. (திட்ட அலுவலரா இருக்கிற வாத்தியார்) மறுக்க மாட்டார்.

கடைசிபெஞ்ச்:
நான் கேம்ப் போனவன் இல்லை. எங்க ஊருக்குத்தான் கேம்ப் வந்துச்சு, அப்ப அஞ்சாங்கிளாஸ். எங்க ஸ்கூல்லதான் தங்கினாங்க, பொழுதுக்கும் அங்கேயே கிடப்பேன். சட்டையில சக்கரம் போட்ட பேட்ஜ், அதைத் தொட்டுப் பார்க்க விடுவாங்க. கடைசி நாள் ராத்திரி குடியைப் பத்தி நாடகம். ஒரு அண்ணன் தள்ளாடிக்கிட்டே வந்து, சோத்துத் தட்டைத் தூக்கி வீசினார். ஊரே சிரிச்சுது. முன் வரிசையில எங்கப்பா, எல்லாரையும் விட சத்தமா. அதே மாதிரி தட்டு முந்தின ராத்திரி எங்க வீட்டுல பறந்துச்சு. எங்கம்மா பொம்பளைங்க பக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. காலையில கேம்ப்காரங்க பஸ் ஏறிட்டாங்க. நல்ல பசங்கதான், குறை சொல்லலை.

தூங்குமூஞ்சி:
கடைசிபெஞ்ச், எங்க கேம்ப்லயும் அந்த நாடகம்தான். குடிகாரன் வேஷத்துக்குத்தான் போட்டியே.

பொட்டல்காடு:
தூரோட பேர்க்க ஜேசிபி வேணும் மேலத்தெரு. எங்ககிட்ட இருந்தது மூணு அருவா.