வெஸ்டன் சூப்பர் மேர் போனவர்கள் சொல்லுங்கள், இன்னும் மனதை விடாத ஒரு சம்பவம்

உப்புக்காற்று:
நானே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கே இருக்கிற அந்த ஊர்க் கடற்கரை எப்படி இருக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் நேராக விஷயம். தண்ணீர் இறங்கியிருந்த நேரம், கடல் எங்கோ ஒரு கோடாகத்தான் தெரிந்தது, வந்ததற்குக் காலையாவது நனைக்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிராண்ட் பியர் என்கிற, கடலுக்குள் நீளும் நடைமேடை முடிகிற இடத்தையும் தாண்டி நடந்தேன். கரைப்பக்கம் நாயோடு நின்ற ஒரு பெண்மணி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அடடா, எவ்வளவு நல்ல ஊர் என்று நானும் ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் விடவில்லை. அடுத்த அடியில் முழங்கால் வரை சேற்றுக்குள் போயாச்சு.
செருப்பு இரண்டையும் உள்ளங்கைக்குக் கீழே வைத்து அழுத்தி, தவழ்ந்து எப்படியோ வெளியே வந்தேன், செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும். கரைக்கு வந்தபோது அந்த அம்மா இல்லை. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டுப் போனாரோ என்னவோ. அதுதான் உறுத்துகிறது.

இரண்டாம் மாடி:
கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே சேறு உள்ளே இழுக்கும், போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் எப்படிப் போனீர்கள்? அந்த ஊர் இருக்கிற பிரிஸ்டல் கால்வாய் என்கிற கடல் பகுதி ஒரு புனல் மாதிரி. அட்லாண்டிக் பக்கம் அகலம், செவர்ன் ஆற்று முகத்துவாரம் பக்கம் குறுகல். உள்ளே வருகிற தண்ணீருக்குப் பக்கவாட்டில் இடம் கிடையாது, மேலேதான் ஏறும். ஓதம், அதாவது கடல்மட்டம், 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு, நாலு மாடி உயரம் அது. கரையோ சமதரை, அதனால் தண்ணீர் ஒரு மைல் தூரம் பின்வாங்கும், திரும்பும்போது நாம் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை காத்திருக்காது. தண்ணீர் பழுப்பாக இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அது வண்டல்.
இனிமேல் போகிறவர்கள் ஓத அட்டவணை பார்த்துவிட்டுப் போங்கள். சிக்கிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறங்கும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடை பரவட்டும், காலை மெதுவாக அசைத்து அசைத்து எடுங்கள். கூட வந்தவர் கை கொடுக்கிறேன் என்று பக்கத்தில் வரவே கூடாது, இல்லாவிட்டால் இரண்டு பேரை மீட்க வேண்டிவரும். அவசர எண் 999 அடித்து கோஸ்ட்கார்டு, அதாவது கடலோர மீட்புப் படை வேண்டும் என்று சொல்லுங்கள்.
என் அனுபவம்: மணலில் கார் நிறுத்தலாம் என்றார்கள், நிறுத்தினேன். மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் வைப்பர் மட்டும் தெரிந்தது.

உப்புக்காற்று:
ஓத அட்டவணை பார்க்கச் சொன்னது நீங்கள்தானே?

இரண்டாம் மாடி:
அதற்கப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

பழைய சட்டை:
நான் பர்ன்பெக் பியர் பக்கம் போனவன். ஊருக்கு வடக்கே, 1867இல் திறந்தது, கரையிலிருந்து ஒரு குட்டித் தீவுக்குப் போகிறது, பிரிட்டனில் அப்படி வேறு கிடையாது. 1994இலேயே பூட்டியாச்சு. எதிரே வேல்ஸின் கார்டிஃப், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து இறங்குவார்களாம். 1881இல் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சட்டம் வந்தபிறகு, குடிக்க வந்த கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.
கம்பிவேலிக்குப் பக்கத்தில் ஒரு வேல்ஸ் தாத்தா நின்றிருந்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, அந்தப் பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மூடியிருக்கிறது என்று போட்டிருக்கிறது என்றேன். "எது, மதுக்கடையா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்றைக்குவரை அது நகைச்சுவையா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அலாரம்:
அந்த பியர்தானே எரிந்தது?

நடுநிசி:
இல்லை இல்லை, எரிந்தது கிராண்ட் பியர். எல்லாரும் இரண்டையும் குழப்புகிறார்கள். 1904இல் திறந்தது, அதன் பெரிய மண்டபம் 1930இல் ஒருமுறை எரிந்தது, திரும்பக் கட்டினார்கள், 2008 ஜூலை 28 காலையில் மறுபடியும் எரிந்தது. நான் அப்போது அங்கே ஒரு விடுதியில் காலை உணவு பரிமாறுகிற வேலையில் இருந்தேன். கருகல் வாடை வந்தது. சமையலறையில் புதிதாகச் சேர்ந்த பையன், பதினேழு வயது இருக்கும், டோஸ்ட்டைக் கருக்கிவிட்டான் என்று நினைத்து விருந்தாளிகள் காதில் விழும்படி திட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் டோஸ்டரைத் திறந்து காட்டினான். உள்ளே ரொட்டியே இல்லை. திரும்பிப் பார்த்தால் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில். கடல் பக்கம் முழுக்கக் கரும்புகை.
2010 அக்டோபரில் புது மண்டபம் திறந்தது, போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அன்றைக்கு ஊரே அந்தப் பரபரப்பில் இருந்தது, அடுத்த வாரம் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இரண்டாம் மாடி:
சமையலறையில் புகை உணர்த்தும் கருவி இருந்ததா? மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும்.

நடுநிசி:
அண்ணா, எரிந்தது எங்கள் விடுதி இல்லை.

தூரத்து ஊர்:
நான் 2015இல் போனேன், முகம் காட்டாத தெருஓவியர் பேங்க்ஸி அங்கே பாழடைந்த டிராப்பிகானா நீச்சல் குளத்தில் டிஸ்னிலேண்டைக் கேலி செய்து டிஸ்மலேண்ட் என்ற கண்காட்சி போட்டிருந்தபோது. அட்டையில் செய்த போலிப் பாதுகாப்புச் சோதனை இயந்திரம், எலிக்காது மாட்டிக்கொண்டு உர்ரென்று நிற்கிற ஊழியர்கள், சரியான வேடிக்கை. என் மகளுக்கு ஏழு வயது, ஒரே சிரிப்பு.
உள்ளே ஒரு குளம். அதில் சின்னச் சின்னப் படகுகள், ஒவ்வொன்றிலும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தண்ணீரில் மிதக்கிற சில உருவங்களும். அகதிப் படகுகள். காசு போட்டால் படகை ஓட்டலாம். நான் எந்தக் கடலைத் தாண்டி எப்படி வந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. மகள் விளையாட்டு என்று நினைத்துக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். ஓட்ட ஆரம்பித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம் போகணும் அப்பா?" என்றாள்.

அலாரம்:
அது ஒரு கலைப்படைப்புதானே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 2022இல் அதே இடத்தில் வடகடலிலிருந்து ஒரு பழைய எரிவாயு மேடையையே தூக்கி வந்து வைத்தார்கள், சீ மான்ஸ்டர் என்று பெயர், செடியும் அருவியுமாக. அதற்குக் கூட்டிப்போயிருந்தால் குழந்தைக்குப் பிடித்திருக்கும்.

தூரத்து ஊர்:
கலைதான், தெரியும். காசு கொடுத்தது நான்.